பழைய டிராக்டருக்கு நீடித்து நிற்கும் வர்ணப் பூச்சு

(உழவர் பயிற்சி வகுப்பில் நிகழ்த்திய உரை)



பயிரைப் பற்றிப் பேச வேண்டிய உழவியல் ஆசிரியர் டிராக்டருக்கு வர்ணம் பூசுவதைப் பற்றிப் பேச வந்திருக்கிறாரே என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். உரமும் உப்பும் சேறும் ஈரமும் பயிரை என்ன செய்கின்றன என்று சொல்வது எங்கள் தொழில். அதே உரமும் உப்பும் சேறும்தான் உங்கள் டிராக்டரின் தகட்டையும் தின்கின்றன. ஆகவே, இதில் எங்களுக்கும் சொல்ல இருக்கிறது.

இருபது, இருபத்தைந்து ஆண்டு ஓடிய டிராக்டர்கள் இன்றும் நம் ஊர்களில் உழுதுகொண்டுதான் இருக்கின்றன. எஞ்சின் தேய்ந்தால் மெக்கானிக் சரி செய்துவிடுவார். ஆனால் மட்கார்டும் பானெட்டும் கால்மிதித் தகடும் துருப்பிடித்து உதிர்ந்தால் எல்லா வண்டிக்கும் மாற்றுத் தகடு எளிதில் கிடைப்பதில்லை. எடுத்துக்காட்டாக, 1971-ல் தொடங்கிய எச்.எம்.டி. டிராக்டர் உற்பத்தியை மூடிவிட 2016-ல் மத்திய அரசு முடிவு செய்தது. இத்தகைய வண்டியை வைத்திருப்பவருக்கு இருக்கிற தகட்டைக் காப்பதே வழி.

நாம் வழக்கமாக என்ன செய்கிறோம்? ஆயுத பூசைக்கு இரண்டு நாள் முன்பு வண்டியைக் கழுவி, ஒரு டப்பா சிவப்பு வர்ணம் வாங்கித் துருவின் மேலேயே பூசி, சந்தனம் குங்குமம் வைக்கிறோம். அடுத்த ஆடிக்குள் வர்ணம் கொப்புளித்துச் செதில் செதிலாக உதிர்கிறது. டப்பாவைக் குறை சொல்கிறோம். உண்மையில் வர்ணத்தின் ஆயுள் டப்பாவைத் திறப்பதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. நாற்றங்காலைச் சரியாகத் தயாரிக்காமல் நல்ல விதையை விதைத்தவர் விதையைக் குறை சொல்லலாமா? மொத்த வேலையில் நான்கில் மூன்று பங்கு முன்தயாரிப்பு, ஒரு பங்குதான் பூச்சு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

துரு எவ்வாறு வேலை செய்கிறது?

இரும்பு, காற்றிலுள்ள பிராணவாயு, ஈரம் ஆகிய மூன்றும் சேர்ந்தால் துரு உண்டாகும். இரும்பு துருவாக மாறும்போது பல மடங்கு பருக்கிறது. ஆகவே துருவின் மேல் பூசிய வர்ணத்தை அடியிலிருந்து வளரும் துருவே தூக்கி எறிந்துவிடுகிறது.

உப்பு இருந்தால் இது இன்னும் வேகமாக நடக்கும். பொட்டாஷ் உரம் என்று நாம் இடுவது ஒரு குளோரைடு உப்பு. உரமூட்டை ஏற்றிய வண்டியில் சிந்தியதும், உவர் நிலத்துச் சேறும், கடலோரக் காற்றும் தகட்டின் குழிகளில் உப்பைப் படிய வைக்கின்றன. உவர் நிலத்தில் ஈரம் இருந்தும் பயிர் வாடுவதைப் பார்த்திருப்பீர்கள். உப்பு நீரைத் தன் பக்கம் பிடித்துக்கொள்வதே காரணம். வர்ணத்துக்கு அடியில் சிக்கிய உப்பும் அவ்வாறே வெளியீரத்தைப் பூச்சின் வழியாக உள்ளே இழுக்கிறது. நீங்கள் காணும் கொப்புளம் இதுதான். எனவே துருவை நீக்கினால் மட்டும் போதாது. உப்பையும் கழுவி எடுக்க வேண்டும்.

எப்போது பூசுவது?

ஆயுத பூசை முடிந்த கையோடு வடகிழக்குப் பருவமழை வந்துவிடுகிறது. இறுகாத வர்ணத்துக்கு இதைவிடக் கெட்ட காலம் இல்லை. சம்பா அறுவடை முடிந்த பின் மாசி, பங்குனி மாதங்களே இவ்வேலைக்கு ஏற்றவை. வண்டிக்கும் அப்போது வேலை குறைவு. பூசைக்குக் கழுவித் துடைத்துப் பொட்டு வைத்தால் போதும்.

காலையில் பனி ஈரம் முற்றிலும் உலர்ந்த பின் தொடங்கி, பிற்பகல் மூன்று அல்லது நான்கு மணிக்குள் முடித்துவிட வேண்டும். நேர் வெயிலில் தொட முடியாதபடி சுடும் தகட்டின் மேல் பூசக்கூடாது. மேற்புறம் உடனே காய்ந்து, உள்ளிருக்கும் தின்னர் வெளியேற வழியின்றிக் கொப்புளமாகும். நிழலும் காற்றோட்டமும் உள்ள கொட்டகையே சிறந்தது. போர் அடிக்கும் களத்தின் அருகே வேண்டாம், தூசி ஒட்டும்.

முதலில் சோதனை

வர்ணம் பழுதை மறைக்குமே தவிர, பழுதைச் சரி செய்யாது. முன் அச்சு, ஸ்டியரிங் இணைப்புகள், இழுவைக் கொக்கி, கலப்பை மாட்டும் மும்முனை இணைப்பு ஆகியவற்றைச் சுத்தம் செய்ததும் நல்ல வெளிச்சத்தில் ஊன்றிப் பாருங்கள். மயிரிழை போன்ற விரிசலோ, ஒரே கோடாகக் கசியும் துருவோ தெரிந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு மெக்கானிக்கிடம் காட்டுங்கள். பாரம் இழுக்கும்போது முன் அச்சு ஒடிந்தால் இழப்பு பணத்தோடு நிற்காது. விரிசலைப் பட்டி வைத்து மூடி வர்ணம் அடிப்பது உங்களுக்கு நீங்களே குழி வெட்டுவதற்கு ஒப்பாகும்.

எண்ணெய்க் கசிவு, டீசல் கசிவு ஆகியவற்றையும் முன்னதாகவே சரி செய்யுங்கள். கசியும் இடத்தில் எந்த வர்ணமும் ஒட்டாது.

கழுவுதல்

பாட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். ஏர் கிளீனர் வாய், சைலன்சர் வாய், டைனமோ, ஸ்டார்ட்டர் மோட்டார் ஆகியவற்றைப் பாலிதீன் உறையால் கட்டுங்கள். பானெட், மட்கார்டு, விளக்குகள் போன்றவற்றைக் கழற்றிவிட்டால் வேலை எளிதாகும். போல்ட்டுகளைப் பகுதி வாரியாகத் தனித்தனி டப்பாவில் போட்டுப் பெயர் எழுதி வையுங்கள்.

சேற்றைச் சுரண்டிய பின் கிரீஸ் பிசுக்கை மண்ணெண்ணெய் அல்லது டீசல் கொண்டு கரைக்கலாம். பெட்ரோலைத் தொடவே வேண்டாம், தீப்பிடிக்கும். டீசலும் தன் பங்குக்கு ஓர் எண்ணெய்ப் படலத்தை விட்டுச் செல்லும். எனவே அதற்குப் பின் சலவைத் தூள் கரைசலால் நன்கு தேய்த்துக் கழுவ வேண்டும். தண்ணீர் திவலையாகத் திரளாமல் பரவி ஓடினால் பிசுக்கு போய்விட்டது என்று அறியலாம். பிசுக்கைப் போக்காமல் உப்புத்தாள் போட்டால் எண்ணெயைக் கீறல்களுக்குள் தேய்த்து ஏற்றியவர்களாவோம்.

பாட்டரித் தட்டில் அமிலம் சிந்தியிருக்கும். சமையல் சோடாவைக் கரைத்து ஊற்றினால் பொங்கும். பொங்குவது நிற்கும் வரை ஊற்றிப் பின் கழுவுங்கள்.

கடைசிக் கழுவலுக்கு நல்ல தண்ணீர் வேண்டும். உப்பு ஏறிய ஆழ்குழாய்க் கிணற்று நீரால் கழுவினால் போக்கிய உப்பை மீண்டும் பூசியது போலாகும். குடிநீரோ சேமித்த மழைநீரோ இரண்டு குடம் இருந்தால் போதும்.

துருவை நீக்குதல்

துருவை மூன்று வகையாகப் பிரித்துப் பாருங்கள். மேலே பூத்த துருவைக் கம்பி பிரஷும் 80-ம் எண் உப்புத்தாளும் நீக்கிவிடும். செதிலாக எழும்பிய துருவைச் சுரண்டியாலும் சிறு சுத்தியாலும் தட்டி எடுத்த பின் கிரைண்டரில் கம்பி பிரஷ் மாட்டித் தேய்க்க வேண்டும். மூன்றாவது, தகட்டைத் துளைத்த துரு. ஸ்குரூ டிரைவரால் அழுத்தினால் உள்ளே இறங்கும் இடம் இனித் தகடு அன்று. நல்ல இரும்பு தெரியும் வரை வெட்டி எடுத்து, அதே கனத் தகட்டை ஒட்டு வைத்து வெல்டிங் செய்யுங்கள். ஓட்டையைப் பட்டியால் அடைத்தால் ஒரு மழைக்காலம் தாங்குவதே அரிது.

கம்பி பிரஷ் சில வேளைகளில் துருவை நீக்காமல் மெருகேற்றிவிடும். பளபளப்பாக, சற்றுக் கறுத்துத் தெரிந்தால் அது இரும்பு அன்று, மெருகேறிய துரு. கடைசியில் 80-ம் எண் தாளால் தேய்த்து வெள்ளிரும்பு தெரியச் செய்யுங்கள். அந்தச் சொரசொரப்பில்தான் அடிப்பூச்சு பற்றிக்கொள்ளும்.

குழிகளில் தங்கும் துருவுக்குப் பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு நீக்கிகள் கடைகளில் கிடைக்கின்றன. டி.ஏ.பி. உரம் தயாரிக்கப் பயன்படும் அமிலம்தான் இது. செம்மண்ணில் இட்ட மணிச்சத்தை மண்ணிலுள்ள இரும்பு பிடித்துக்கொண்டு கரையாமல் செய்வதை அறிவீர்கள். அவ்வாறே இந்த அமிலம் துருவைக் கரையாத இரும்புப் பாஸ்பேட்டாக மாற்றுகிறது. டானின் கலந்த துரு மாற்றிகளும் உள்ளன. கடுக்காய்ச் சாறு இரும்போடு சேர்ந்து கறுப்பதைப் போன்றதே அவற்றின் வேலை. எதுவாயினும் செதில் துருவை எடுத்த பின்பே தடவ வேண்டும். தடவிய பின் கழுவுவதா, கழுவாமல் விடுவதா என்பதில் டப்பாவில் எழுதியுள்ளபடி நடந்துகொள்ளுங்கள். ரப்பர் கையுறையும் கண்ணாடியும் அணியுங்கள். கழிவறை கழுவும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைப் பயன்படுத்தாதீர்கள். துரு கரையும், ஆனால் குளோரைடு உள்ளே தங்கி, சில நாளில் மீண்டும் துருவை வரவழைக்கும்.

மணல் வீச்சு முறை சக்கர ரிம்முக்கும் முன் எடைக்கட்டிகளுக்கும் ஏற்றது. மெல்லிய பானெட் தகடு அதில் நெளிந்துவிடும். எஞ்சின் அருகே செய்தால் மணல் சீல்களுக்குள் புகும். மணல் தூசி நுரையீரலைக் கெடுக்கும் என்பதால் தகுந்த பாதுகாப்பு உள்ள பட்டறையிலேயே இதைச் செய்ய வேண்டும். டயர் மாட்டிய ரிம்மில் வெல்டிங் செய்வதோ சூடு காட்டுவதோ கூடவே கூடாது. டயர் வெடித்து உயிரிழப்பு நேரலாம்.

பழைய வர்ணம் முழுவதையும் எடுக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. பிளேடால் பெருக்கல் குறி போல இரண்டு கீறல் போட்டு, அதன் மேல் செல்லோடேப்பை அழுத்தி ஒட்டி, சட்டென்று பிடுங்குங்கள். வர்ணம் டேப்போடு வராவிட்டால் அது உறுதியாக உள்ளது. 220-ம் எண் தாளால் பளபளப்பைப் போக்கினால் போதும். வந்துவிட்டால் அங்கே சுரண்டி எடுங்கள். பழைய வர்ணமும் இரும்பும் சந்திக்கும் விளிம்பை விரலால் தடவினால் படி தட்டாத அளவுக்குத் தேய்த்துச் சரிவாக்குங்கள். அந்த விளிம்பில்தான் புதிய பூச்சு முதலில் உரியும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பழைய மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு வர்ணங்களில் காரீயம் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். இந்தியாவில் வீட்டு உபயோக வர்ணங்களில் காரீயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2016-ல்தான் வந்தது. இயந்திரங்களுக்கு அடிக்கும் தொழில்துறை வர்ணங்கள் அதில் அடங்கா. ஆகவே, பழைய வர்ணத்தூள் அனைத்தையும் நஞ்சாகவே கருதுங்கள். வர்ணம் உள்ள பகுதிகளை வாட்டர் பேப்பர் கொண்டு ஈரமாகத் தேய்த்தால் தூசி பறக்காது. ஈரத்தில் நின்றுகொண்டு மின்சாரக் கருவியை மட்டும் இயக்காதீர்கள். கீழே தார்ப்பாய் விரித்துச் செதில்களைச் சேர்த்துக் கட்டி, கால்நடையும் பிள்ளைகளும் தொடாதபடி அப்புறப்படுத்துங்கள், எரிக்காதீர்கள். மூக்குக்குத் துண்டு கட்டுவது போதாது. தூசி வடிக்கும் முகமூடி அணியுங்கள். மாட்டுத் தொழுவத்தின் அருகிலும் வைக்கோற்போரின் அருகிலும் இவ்வேலை வேண்டாம். மாடு நக்கினாலே கேடு. வேலை முடிந்ததும் குளித்துத் துணி மாற்றிய பின்பே பிள்ளைகளைத் தூக்குங்கள்.

அடிப்பூச்சு

வெள்ளிரும்பைத் திறந்து போட்டால் ஓர் இரவில் மீண்டும் துரு பூக்கும். எனவே ஒரு நாளில் அடிப்பூச்சு வரை முடிக்கக்கூடிய அளவுக்கு மட்டும் தேய்த்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் இரண்டு மட்கார்டு, மறுநாள் பானெட் என்று பிரித்துக்கொள்வது நல்லது. தின்னரில் நனைத்த துணியால் துடைத்து, உடனே மற்றொரு உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். அதன் பின் வெறுங்கையால் தொடாதீர்கள். வியர்வையிலும் உப்பு உண்டு.

அடிப்பூச்சுக்கு ரெட் ஆக்சைடு ப்ரைமர் எங்கும் கிடைக்கும். அதில் ஜிங்க் குரோமேட் சேர்ந்த வகை உடலுக்குத் தீங்கானது. ஜிங்க் பாஸ்பேட் சேர்ந்ததைக் கேட்டு வாங்குங்கள். மட்கார்டின் உட்புறம், கால்மிதித் தகடு, ரிம் போன்று சேறு அடிக்கும் இடங்களுக்கு இரு டப்பாக்களைக் கலந்து பூசும் எபாக்சி ப்ரைமர் கூடுதலாகத் தாங்கும். அதைச் சொன்ன அளவில் கலந்து, சொன்ன நேரத்துக்குள் பூசி முடிக்க வேண்டும். மிஞ்சியது டப்பாவிலேயே கல்லாகிவிடும்.

முதலில் தகட்டின் விளிம்பு, வெல்டிங் வரி, போல்ட் தலை, மூட்டுகள் ஆகியவற்றுக்குப் பிரஷால் ஒரு முறை பூசிவிட்டுப் பிறகு முழுவதும் பூசுங்கள். விளிம்பில் வர்ணம் தானே மெலியும். துரு தொடங்குவதும் அங்கேதான். ரெட் ஆக்சைடு மட்டும் பூசி மாதக்கணக்கில் மழையில் விட்டுவிடாதீர்கள். அது ஈரத்தை முற்றிலும் தடுக்காது.

நெளிவுகளுக்குப் பட்டி பார்ப்பது அழகுக்கு மட்டுமே. மெல்லியதாக இட்டு, காய்ந்ததும் தேய்த்து, அதன் மேலும் ஒரு கை ப்ரைமர் கொடுங்கள். திறந்த பட்டி தண்ணீரை உறிஞ்சும்.

மேற்பூச்சு

விவசாயி தாமே செய்ய ஏற்றது சாதாரண எனாமல் வர்ணம். வெயிலில் நிறம் நீடிக்கும் பி.யு. என்னும் இரு கலவை வர்ணமும் உண்டு. ஆனால் அதன் ஆவித் துளியைச் சுவாசித்தால் கடும் ஆஸ்துமா வரக்கூடும். அதைத் தகுந்த சுவாசக் கருவி உள்ள பட்டறையில் கொடுத்து அடித்துக்கொள்ளுங்கள். பழைய எனாமலின் மேல் வீரியமான தின்னர் கலந்த வர்ணத்தை அடித்தால் அடிவர்ணம் சுருங்கித் தோலாக எழும்பும். மறைவான ஓர் இடத்தில் பூசிப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஒரு லிட்டர் எனாமல் ஒரு பூச்சுக்கு ஏறத்தாழ 8 முதல் 10 சதுர மீட்டர் வரும். தகடுகளை அளந்து கணக்கிட்டு வாங்குங்கள். டப்பாவின் அடிவரை கலக்கி, மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். தின்னர் டப்பாவில் சொன்ன அளவே போதும். மண்ணெண்ணெயோ பெட்ரோலோ கலக்காதீர்கள். கனமாக ஒரு பூச்சைவிட மெல்லியதாக இரண்டு பூச்சு நெடுநாள் நிற்கும். ஒவ்வொரு பூச்சுக்கும் இடையே சொல்லப்பட்ட நேரம் காயவிட்டு, 320-ம் எண் வாட்டர் பேப்பரால் இலேசாகத் தேய்த்து, துடைத்து உலர்த்திப் பின் பூசுங்கள். சைலன்சருக்கு வெப்பம் தாங்கும் அலுமினிய வர்ணம் தனியே வாங்க வேண்டும்.

வர்ணம் படக்கூடாத இடங்கள்

ரேடியேட்டரின் இதழ்கள், ரப்பர் குழாய்கள், சீல்கள், பெல்ட், ஹைட்ராலிக் தண்டு, பி.டி.ஓ. தண்டின் பற்கள், மூச்சுத் துவாரங்கள், மின் இணைப்பின் எர்த் முனை ஆகியவற்றில் வர்ணம் படக்கூடாது. கிரீஸ் நிப்பிள்களுக்குச் சைக்கிள் வால்வு டியூப் துண்டை மாட்டிவிடலாம். சேசிஸ் எண், எஞ்சின் எண் பொறித்த இடங்களில் கிரைண்டரையும் பட்டியையும் கொண்டு செல்லாதீர்கள். எண் அழிந்தால் விற்கும்போதும் காப்பீட்டின்போதும் தொல்லை. பதிவுச் சான்றில் உள்ள நிறத்தையே பூசுங்கள். நிறத்தை மாற்ற விரும்பினால் முதலில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பின்புறச் சிவப்பு ரிப்ளெக்டர்களை மறவாமல் மீண்டும் பொருத்துங்கள்.

பூசிய பின்

எனாமல் தொட்டால் ஒட்டாத நிலைக்கு ஒரே நாளில் வந்தாலும், முழுவதும் இறுக ஒரு வாரமாவது ஆகும். அதுவரை சேற்றில் இறக்க வேண்டாம். பின்னர் சேற்றுழவு முடிந்த அன்றே மட்கார்டின் அடிப்புறத்தையும் சேர்த்துக் கழுவுங்கள். உரம் ஏற்றி வந்தால் மறுநாள் என்று தள்ளிப் போடாதீர்கள். மாட்டுத் தொழுவத்தில் வண்டியை நிறுத்தாதீர்கள்; கோமிய ஈரமும் ஆவியும் இரும்புக்கு ஆகா. தார்ப்பாயை இறுகச் சுற்றினால் உள்ளே வியர்த்துத் துருப்பிடிக்கும். கூரையின் கீழ் காற்றோட்டமாக நிறுத்துவதே மேல். ஒரு சிறு டப்பாவில் ப்ரைமரும் வர்ணமும் மிச்சம் வைத்து, கீறல் விழுந்த வாரமே தேய்த்துத் தொட்டுவிடுங்கள். கேஜ் வீலும் கலப்பைக் கொழுவும் மண்ணில் உரசும் பாகங்கள். அங்கே வர்ணம் நிற்காது. பருவம் முடிந்ததும் கழுவி உலர்த்தி கிரீஸ் தடவி வைத்தால் போதும்.

கையில் பணம் குறைவாக இருந்தால்

முழு வண்டியையும் மேலோட்டமாகப் பூசாதீர்கள். இந்த ஆண்டு மட்கார்டு, கால்மிதித் தகடு, பாட்டரித் தட்டு, ரிம் ஆகியவற்றை முறைப்படி முடியுங்கள். துரு முதலில் தின்பது இவற்றைத்தான். பானெட்டின் நிறம் மங்கியிருந்தாலும் அது அடுத்த மாசி வரை காத்திருக்கும். விலையுயர்ந்த மேற்பூச்சுக்குச் செலவிட இருப்பதை நல்ல ப்ரைமருக்குச் செலவிடுங்கள்.

பழைய டிராக்டர் வாங்கப் போகிறவர்களும் இதை நினைவில் வையுங்கள். புது வர்ணம் மின்னும் வண்டியானால் மட்கார்டின் அடிப்புறத்தைக் கையால் தடவிப் பாருங்கள். தகட்டின் மேல் காந்தத்தை நகர்த்துங்கள். ஒட்டாமல் நழுவும் இடத்தில் கனத்த பட்டி இருக்கும். ரப்பர் குழாயிலும் கிரீஸ் நிப்பிளிலும் வர்ணம் படிந்திருந்தால் அவசர வேலை என்று பொருள். முன் அச்சின் மேல் மட்டும் வர்ணம் கனமாக இருந்தால், அதைச் சுரண்டிப் பார்க்கச் சம்மதிக்காதவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள்.

வரும் மாசியில் இவற்றைக் கடைப்பிடித்து, உங்கள் வண்டியைப் பல பருவங்களுக்குக் காத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொண்டு விடைபெறுகிறேன்.